கலைப் பாடம் எடுக்கவில்லை, போர்ட்ஃபோலியோ செய்ய முடியுமா?

கேள்வி: வணக்கம் ஆசிரியர். நான் உயர்நிலை மூன்றில் படிக்கிறேன். சிங்கப்பூரில், ஈசூனில் வீடு. சின்ன வயதிலிருந்தே வரைகிறேன், ஐபேடில் நூற்றுக்கணக்கான அனிமே படங்கள் இருக்கின்றன. பாலிடெக்னிக்கில் அனிமேஷன் அல்லது வடிவமைப்பு படிக்க ஆசை. இஏஇ (தேர்வு முடிவுக்கு முன்பே விண்ணப்பிக்கும் முன்கூட்டிய சேர்க்கை) வழியாக விண்ணப்பிக்க போர்ட்ஃபோலியோ, அதாவது நாமே செய்த படைப்புகளின் தொகுப்பு, வேண்டும் என்கிறார்கள். ஆனால் பள்ளியில் நான் கலையைத் தேர்வுப் பாடமாக எடுக்கவில்லை. என் தோழி போர்ட்ஃபோலியோ வகுப்புக்குப் போகிறாள். கட்டணத்தைக் கேட்டதும் அப்பா வேண்டாம் என்றுவிட்டார். அவர் தேக்கா சந்தையில் காய்கறிக் கடை வைத்திருக்கிறார். சனி, ஞாயிறு நானும் கடைக்குப் போவதால் வரைய நேரம் கிடைப்பதில்லை. எத்தனை படங்கள் வேண்டும், என்னென்ன வைக்க வேண்டும், வகுப்பு இல்லாமல் முடியுமா? "படம் வரைந்தால் என்ன வேலை கிடைக்கும்?" என்று அப்பா கேட்கிறார். என்ன சொல்வது? இன்னொன்று: தீபாவளிக்குப் பாட்டியும் நானும் சேர்ந்து போட்ட கோலத்தையும் வைக்கலாமா?

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

வகுப்பில் பேசுவதுபோல 'நீ' என்றே எழுதுகிறேன். முடியுமா என்று கேட்டாய். முடியும். நான் பள்ளியில் கலை கற்பித்தவள். வடிவமைப்புப் படிப்புகளுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளை நேர்காணும் குழுக்களிலும் உட்கார்ந்திருக்கிறேன். கலைப் பாடமே எடுக்காத, எந்தத் தனி வகுப்புக்கும் போகாத பிள்ளைகள் நல்ல போர்ட்ஃபோலியோவோடு வந்து இடம் வாங்கியதைப் பார்த்திருக்கிறேன். பாலிடெக்னிக்கின் வடிவமைப்புப் பட்டயப் படிப்புகளுக்குக் கலையைத் தேர்வுப் பாடமாக எடுத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் பொதுவாக இல்லை. அந்தக் கவலையை இன்றோடு விட்டுவிடு.

ஆனால் ஐபேடில் இருக்கும் படங்களிலிருந்து நல்லதாகப் பதினைந்து பொறுக்கி அனுப்பிவிடலாம் என்று நினைத்தால், அது போதாது. அனிமே வரைவதில் தவறு எதுவும் இல்லை. கோடு இழுக்கும் பழக்கம் உனக்கு வந்ததே அதனால்தான். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. தேர்வுக்குழு ஒரே நாளில் ஏராளமான தொகுப்புகளைப் புரட்டும். அவற்றில் பாதியிலாவது அதே முகம் இருக்கும்: முக்கால்வாசி இடப்பக்கம் திரும்பிய தலை, பெரிய கண்கள், காற்றில் பறக்கும் முடி, முதுகுக்குப் பின்னால் மறைத்துவைத்த கைகள். அந்தக் கைகள் ஏன் மறைந்திருக்கின்றன என்று பார்ப்பவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். கை வரைவது கடினம். ஏற்கெனவே யாரோ எளிமையாக்கி வைத்த முகத்தை நீ அழகாகத் திரும்ப வரைகிறாய் என்பது அவர்களுக்குப் புரியும். நீ உலகத்தை எப்படிப் பார்க்கிறாய் என்பது மட்டும் அதிலிருந்து தெரியாது. அவர்கள் தேடுவதோ அதைத்தான். இந்தப் பிள்ளை கண்ணால் பார்த்து வரைகிறதா, ஒன்று சரியாக வராவிட்டால் வேறு வழியில் முயல்கிறதா, மூன்று ஆண்டு சொல்லிக்கொடுத்தால் வளருமா? போர்ட்ஃபோலியோ இந்தக் கேள்விகளுக்கான பதில். உன் ஆகச் சிறந்த படங்களின் கண்காட்சி என்று அதை நினைத்துக்கொண்டால் தேவையில்லாத பயம்தான் மிஞ்சும்.

உன் கடிதத்தில் நான் இரண்டு முறை வாசித்த வரி, சனி, ஞாயிறு கடைக்குப் போவதால் வரைய நேரமில்லை என்பது. என் கண்ணுக்கு அந்தக் கடைதான் உன் போர்ட்ஃபோலியோ. சிங்கப்பூரில் விண்ணப்பிக்கும் பதினாறு வயதுப் பிள்ளைகளில் எத்தனை பேர் வாராவாரம் தேக்கா சந்தைக்குள், கல்லாவுக்கு இந்தப் பக்கம் நிற்கிறார்கள்? சுற்றுலாப் பயணி போல ஒரு மணி நேரம் வந்து படம் பிடித்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. எந்த நேரத்தில் எந்தக் காய் தீரும், எந்தப் பாட்டி முருங்கைக்காயை ஒடித்துப் பார்த்துத்தான் வாங்குவார், கடை மூடும்போது அப்பாவின் தோள் எப்படிச் சாயும் என்பதெல்லாம் உனக்குத் தெரியும். இதை எந்த வகுப்பும் உனக்கு விற்க முடியாது.

என்ன செய்யலாம் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஏ5 அளவில் கெட்டி அட்டை போட்ட ஒரு ஸ்கெட்ச் நோட்டு வாங்கிக்கொள். 2பி, 6பி பென்சில் இரண்டு, தண்ணீர் பட்டால் கரையாத கறுப்பு மைப் பேனா ஒன்று. பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் உள்ள கலைப்பொருள் கடைகளில் இவ்வளவும் கிடைக்கும், பெரிய செலவில்லை. முதல் மாதம் முழுக்கக் கடையில் ஆட்கள் ஓய்கிற நேரத்தில் சின்னச் சின்னதாக வரை. ஆள் வந்து நிற்கும் நிலையை அரை நிமிடத்தில், ஒரு நிமிடத்தில் பிடிக்கப் பார். முகம் வேண்டாம். முதுகு எப்படி வளைகிறது, உடம்பின் எடை எந்தக் காலில் இருக்கிறது, பையைத் தூக்கும்போது மறுதோள் எவ்வளவு இறங்குகிறது, அது போதும். பத்தில் எட்டு கிறுக்கலாகத்தான் வரும். கிழித்துப் போடாதே, அழிக்கவும் செய்யாதே. தேதி போட்டு வை. அனிமேஷன் துறையில் இப்படி வேகமாக வரைந்த அசைவுப் பக்கங்களுக்கு மிகுந்த மதிப்பு உண்டு, ஏனென்றால் அந்த வேலையே அசைவைப் புரிந்துகொள்வதுதான்.

அப்புறம் கைகள். அப்பாவின் கைகளையே வரை. கீரைக்கட்டைப் பிடிக்கும் கை, சில்லறை எண்ணும் கை, மூட்டை முடிச்சை அவிழ்க்கும் கை. ஏ3 தாளில் கரிக்கோலால் பெரிதாக வரை. கை என்றால் ஐந்து விரல் என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டு வரையாதே. விரல்களுக்கு நடுவே தெரியும் வெற்றிடத்தின் வடிவத்தைப் பார்த்து அதை வரை, விரல்கள் தாமாக இடத்தில் வந்து உட்காரும். கடினமானதை மறைக்காமல் எடுத்திருக்கிறாள் என்று இந்த ஒரு தாளே சொல்லிவிடும்.

பொருள்களுக்கு வந்தால் காய்கறிக் கடையைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. கத்தரிக்காயின் பளபளப்பில் ஒளி எங்கே விழுகிறது, எங்கே திரும்ப எதிரொளிக்கிறது என்று படிக்கலாம். பாகற்காயின் மேல்தோலில் பரப்பின் தன்மையைப் படிக்கலாம். வாழைப்பூவை ஒவ்வோர் இதழாகப் பிரித்து உள்ளே இருப்பதை வரைந்தால் ஒரு பொருள் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பது புரியும். அடுக்கிவைத்த பிளாஸ்டிக் கூடைகள் பெர்ஸ்பெக்டிவ் (தூரம் போகப் போகச் சிறுத்துத் தெரிவதை வரையும் முறை) பயிற்சிக்காகவே செய்து வைத்ததுபோல இருக்கும். ஒரே வாழைப்பூவைப் பென்சில், மை, வாட்டர்கலர், வெட்டி ஒட்டிய வண்ணத்தாள் என்று நான்கு விதமாகச் செய்து ஒரே பக்கத்தில் வைத்துப் பார். நான்காவது படம் முதலாவதைவிடச் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. பொருளை மாற்றாமல் ஊடகத்தை மட்டும் மாற்றிப் பார்க்கத் துணிந்தாய் என்பது தெரிகிறதே, அதுதான் தேவை.

இவ்வளவும் பயிற்சிதான். இதற்கு மேல் ஒரே விஷயத்தை மூன்று நான்கு மாதம் தொடர்ந்து பிடித்துச் செய்த திட்டம் ஒன்று தொகுப்பில் இருக்க வேண்டும். உதாரணத்துக்கு, கடை திறப்பதிலிருந்து மூடும்வரை நடப்பதை ஒரு நிமிட அனிமேஷனுக்கான ஸ்டோரிபோர்டாக, அதாவது காட்சிகளை வரிசையாகக் கட்டங்களில் வரைந்த திட்டமாக, செய்யலாம். முதலில் என்னென்ன நடக்கிறது என்று வெறும் பட்டியல் எழுது. அதிலிருந்து பெட்டி பெட்டியாகக் கட்டைவிரல் அளவுப் படங்கள் போடு. எங்கே தூரத்திலிருந்து காட்டுவது, எங்கே நெருங்கிப் போவது என்று மாற்றி மாற்றிப் பார். வாடிக்கையாளர் மூன்று பேரைக் கதாபாத்திரங்களாக வடிவமை. அங்கேதான் உன் அனிமே பழக்கம் கைகொடுக்கும், ஆனால் இந்த முறை அந்த உடல்கள் நீ நேரில் பார்த்து வரைந்த முதுகுகளிலிருந்து வந்திருக்கும். காலையில் சந்தையின் ஒளிக்குழாய் வெளிச்சத்துக்கு ஒரு நிறத்தொகுதி, மதியம் தரையைக் கழுவிவிட்ட பிறகு வேறொன்று. கடைசியில் கைபேசியில் ஒவ்வொரு படமாக எடுத்துச் சேர்த்து, பத்து விநாடி ஓடும் அசைபடம் ஒன்று செய்தாலும் போதும். வடிவமைப்புப் பக்கம்தான் உன் மனம் சாய்கிறது என்றால், அதே கடையின் விலை அட்டைகளை எடுத்துக்கொள். தமிழும் சீனமும் ஆங்கிலமும் மலாயும் பேசுகிறவர்கள் வரும் இடத்தில், ஈரத்தில் நனையாத, தூரத்திலிருந்து வாசிக்க முடிகிற, அப்பா தினமும் சுலபமாக மாற்றக்கூடிய அட்டை எப்படி இருக்க வேண்டும்? இரண்டு மூன்று மாதிரி செய்து கடையில் வைத்துப் பார். எது வேலை செய்யவில்லை, ஏன் என்று எழுதி வை. வாடிக்கையாளர் ஒருவர் தவறாக வாசித்ததால் எழுத்தின் அளவை மாற்றினேன் என்று நேர்காணலில் சொல்கிற பிள்ளையை எந்த ஆசிரியரும் மறக்கமாட்டார். ஒன்று மட்டும் கவனம்: முகம் தெரியும்படி யாரையும் படம் எடுப்பதானால் அவரிடம் முதலில் கேட்டுவிடு.

சாதாரணக் காய்கறியையெல்லாம் கலையாக ஏற்பார்களா என்ற தயக்கம் உனக்கு வரலாம். தேசிய அருங்காட்சியகத்துக்கு வெளியே கிடக்கும் அந்தப் பெரிய சிவப்பு மிளகாய்ச் சிற்பத்தைப் போய்ப் பார். 'பெடாஸ் பெடாஸ்' என்று பெயர், செய்தவர் குமாரி நாகப்பன். ஆர்ச்சர்ட் சாலையில் அயன் கடைத்தொகுதிக்கு வெளியே நிற்கும் ஜாதிக்காயும் அவருடையதுதான். நம் வீட்டு அடுக்களையில் கிடப்பவற்றை நகரத்தின் நடுவில் ஆளைவிடப் பெரிதாக நிறுத்தியிருக்கிறார். அங்கிருந்து தேசியக் கலைக்கூடத்துக்கு நடந்தே போகலாம். சிங்கப்பூரருக்கும் நிரந்தரவாசிகளுக்கும் பொது நுழைவு இலவசம். ஜார்ஜெட் சென் ரம்புத்தான் போன்ற நம் வட்டாரத்துப் பழங்களை எப்படித் தீட்டியிருக்கிறார் என்று பார். சுவா மியா தீ 1959இல் வரைந்த 'தேசிய மொழி வகுப்பு' ஓவியத்தின் முன்னால் உட்கார்ந்து, வட்டமேசையைச் சுற்றி ஆட்களை அவர் எப்படி உட்காரவைத்திருக்கிறார், யார் யாரைப் பார்க்கிறார்கள் என்பதைச் சின்னக் கட்டங்களாக உன் நோட்டில் போட்டுப் பார். அதுவும் ஸ்டோரிபோர்டுக்கான பாடம்தான். "உனக்குப் பிடித்த கலைஞர் யார்?" என்பது நேர்காணலில் வரக்கூடிய கேள்வி. நேரில் நின்று பார்த்த ஒரு படத்தைப் பற்றிப் பேசும்போது குரலே வேறு மாதிரி இருக்கும்.

இனி ஐபேட். டிஜிட்டல் படங்களை வைக்கலாம், அனிமேஷனுக்குக் கட்டாயம் வை. ஆனால் தாளில் செய்தவையும் கணிசமாக இருக்க வேண்டும். ஏற்கெனவே இருக்கும் கதாபாத்திரங்களை வரைந்த ரசிகர் படங்களை எடுத்துவிடு. மனசு கேட்கவில்லை என்றால் ஒன்றே ஒன்று, அதுவும் யாருடைய கதாபாத்திரம் என்ற குறிப்போடு. வலையில் கிடைத்த புகைப்படத்தின் மேல் வைத்து நகலெடுத்த எதுவும் வேண்டாம். செயற்கை நுண்ணறிவு செய்துகொடுத்த படத்தை உன் படமாகக் காட்டவே கூடாது. நேர்மை அதற்கு முதல் காரணம். இரண்டாவது காரணம், நேர்காணலில் "இதன் முதல் வரைவைக் காட்டு" என்பார்கள். காட்ட ஒன்றும் இருக்காது. நீயே செய்த படத்துக்கு எப்போதும் ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றைத்தான் நோட்டில் சேர்க்கச் சொல்கிறேன். தவறாகப் போன வரைவு, ஓரத்தில் எழுதிய குறிப்பு, நிறம் கலந்து பார்த்த திட்டு எல்லாம் அதில் இருக்கட்டும். தொகுப்பில் இரண்டு மூன்று பக்கங்களை இந்த நோட்டுப் பக்கங்களுக்கே ஒதுக்கு.

எத்தனை படம் என்று கேட்டாய். ஒவ்வொரு படிப்பும் தன் பக்கத்தில் ஓர் எண்ணிக்கை சொல்லும், அதைத் தாண்டாதே. சொல்லாவிட்டால் பத்திலிருந்து பதினைந்துக்குள் நிறுத்திக்கொள். இருபது சுமாரான படங்களைவிடப் பத்து நல்லவை மேல், ஏனென்றால் பலவீனமான ஒரு படம் பக்கத்தில் இருப்பதையும் இழுத்துக்கொண்டு கீழே போகும். ஆக வலுவானது முதலில், அடுத்த வலுவானது கடைசியில். விண்ணப்பிக்கும் படிப்புக்கு ஏற்ப வரிசையை மாற்று. அனிமேஷனுக்கு அசைவு, கதாபாத்திரம், ஸ்டோரிபோர்டு முன்னால் வரட்டும். விளம்பர, காட்சித்தொடர்பு வடிவமைப்புக்கு எழுத்தும் படமும் சேர்ந்த வேலைகள். பொருள் வடிவமைப்பு என்றால் ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று பிரித்துக் காட்டிய வரைபடங்களும், அட்டையில் செய்த மாதிரிகளும். உள்ளரங்க வடிவமைப்பு என்றால் இடத்தை அளந்து வரைந்தது. உன் புளோக்கின் தாழ்வாரத்தையே ஒரு புள்ளியில் மறையும் பெர்ஸ்பெக்டிவில் வரையலாம்.

நல்ல படங்கள் மோசமான புகைப்படத்தால் கெட்டுப்போவதை அடிக்கடி பார்க்கிறேன், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். படத்தைச் சுவரில் ஒட்டி, கேமராவை அதற்கு நேர் எதிரே, நடுவில் வைத்து எடு. மேலிருந்து சாய்த்து எடுத்தால் செவ்வகம் சரிவகமாகிவிடும். ஃப்ளாஷ் வேண்டாம், உச்சி வெயிலும் வேண்டாம். மேகமூட்டமான காலையில் தாழ்வாரத்தில் கிடைக்கும் பரவலான வெளிச்சம் நன்றாக இருக்கும். மேசை, பூனை, உன் கால்விரல் எதுவும் தெரியாமல் வெட்டிவிடு. சின்னப் படங்களை 300 டிபிஐ துல்லியத்தில் ஸ்கேன் செய்யலாம். ஒவ்வொன்றின் கீழும் தலைப்பு, ஊடகம், அளவு, ஆண்டு, அதற்குக் கீழே ஒன்றிரண்டு வரிக் குறிப்பு. அலங்காரப் பின்னணி, பூ பார்டர் எதுவும் வேண்டாம், வெள்ளைப் பக்கமே நல்லது. ஒரே பிடிஎஃப் கோப்பாக்கி, அவர்கள் சொல்லும் அளவுக்குள் சுருக்கி, வேறொருவரின் கைபேசியில் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்பு.

காலக்கணக்கு பார்ப்போம். உயர்நிலை நான்கு மாணவர்களுக்கான இஏஇ விண்ணப்பம் அண்மை ஆண்டுகளில் ஜூன் இறுதி, ஜூலைத் தொடக்கத்தை ஒட்டித் திறந்திருக்கிறது. அதற்குப் பின் வரும் வாரங்களில் நேர்காணல்கள். உன் ஆண்டுக்கான தேதியை அதிகாரபூர்வப் பக்கத்தில் பார்த்து நாள்காட்டியில் குறித்துக்கொள். அதிகபட்சம் மூன்று படிப்புகளைத் தேர்ந்தெடுக்கலாம். ஆக இந்த ஆண்டின் மீதியை நோட்டுக்கும் பயிற்சிக்கும் வைத்துக்கொள். ஆண்டிறுதி விடுமுறையில் பெரிய திட்டத்தைத் தொடங்கு. ஜனவரியில் பாலிடெக்னிக்குகளின் திறந்தநாள் வரும். போய், இப்போது படிக்கிற மாணவர்களிடம் என்ன வைத்து இடம் வாங்கினார்கள் என்று கேள். ஏப்ரலுக்குள் திட்டத்தை முடித்துவிடு. மே மாதம் தேர்ந்தெடுக்கவும் படம் எடுக்கவும் எழுதவும் சரியாக இருக்கும். ஜூன் விடுமுறையைப் படிப்புக்கு விட்டுவிடு. இஏஇயில் கிடைப்பது நிபந்தனையோடு கூடிய இடம் என்பதை மறக்காதே. ஆண்டிறுதித் தேர்வில் குறைந்தபட்சத் தகுதியை வாங்கியே ஆக வேண்டும். வரைகிறேன் என்று கணிதத்தைக் கைவிட்டால் இரண்டும் போய்விடும்.

தனி வகுப்பு பற்றி என் கருத்து வெளிப்படையானது. உனக்கு அது தேவையில்லை. சில வகுப்புகள் நன்றாகவே சொல்லிக்கொடுக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் ஒரே வகுப்பிலிருந்து வரும் தொகுப்புகளில் ஒரே கண்ணாடிக் குவளை, ஒரே திரைச்சீலை, ஒரே கோணம் இருக்கும்போது எது பிள்ளையின் கை, எது ஆசிரியரின் கை என்று பிரிக்க முடிவதில்லை. தோழியைப் பார்த்து மனம் சோராதே. உன் பள்ளியில் கலை ஆசிரியர் இருக்கிறார் அல்லவா? நீ அவர் பாடம் எடுக்காவிட்டாலும், நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போய், மாதம் ஒருமுறை இருபது நிமிடம் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேள். வேலை செய்து கொண்டுவரும் பிள்ளையைத் திருப்பி அனுப்பும் கலை ஆசிரியர் அரிது. புத்தகங்களுக்கு ஆர்ச்சர்ட் நூலகம் இருக்கிறது, அங்கே வடிவமைப்பு நூல்கள் நிறைய.

அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். அவர் கேட்பதில் தவறில்லை. விடியுமுன் எழுந்து கடை நடத்துகிறவர் மகளின் பிழைப்பைப் பற்றிக் கேட்கத்தான் செய்வார். அதை எதிர்ப்பாக எடுத்துக்கொண்டு சண்டைக்குப் போகாதே. அவருக்குத் தேவை தகவல். பாலிடெக்னிக் பட்டயம் மூன்று ஆண்டு. அதன் பிறகு வேலைக்குப் போகலாம், மேலே படிக்கவும் வழி இருக்கிறது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கலை, வடிவமைப்பு, ஊடகப் பள்ளி இருக்கிறது. 1938இல் தொடங்கிய நன்யாங் நுண்கலைக் கழகமும் லாசால் கலைக் கல்லூரியும் இப்போது சிங்கப்பூர்க் கலைப் பல்கலைக்கழகம் என்ற குடையின் கீழ் பட்டப் படிப்பு நடத்துகின்றன. இந்த இரண்டிலும் பட்டயப் படிப்புகளும் உண்டு. அவற்றுக்கு இஏஇ இல்லாமல் நேரடியாக விண்ணப்பிக்க வேண்டும். வடிவமைப்பு படித்தவர்கள் செயலிகளின் திரையையும், கடைப் பொருள்களின் உறையையும், அருங்காட்சியகக் கண்காட்சியையும், விளையாட்டு மென்பொருளையும் செய்கிறார்கள். எல்லாருக்கும் உடனே நல்ல சம்பளம் என்று அவருக்கு வாக்குக் கொடுக்காதே. இந்தத் துறையில் வேலையின் தரத்தைப் பார்த்துத்தான் கூப்பிடுவார்கள், ஏற்றஇறக்கமும் உண்டு. உள்ளதை உள்ளபடி சொன்னால்தான் நீ யோசித்திருக்கிறாய் என்று நம்புவார். திறந்தநாளுக்கு அவரையும் அழைத்துப் போ. அவருக்கு வசதியான நாளை நீ முன்பே கேட்டு வை, கடைக்கு மாற்று ஆள் வேண்டியிருக்கும். இன்னொரு முக்கியமான விஷயத்தையும் அவரிடம் சொல்லியாக வேண்டும்: இஏஇ இடத்தை ஏற்றுக்கொண்டு தகுதியும் பெற்றுவிட்டால், தேர்வு முடிவுக்குப் பிறகு நடக்கும் கூட்டுச் சேர்க்கையில் வேறு படிப்புக்கோ தொடக்கக் கல்லூரிக்கோ விண்ணப்பிக்க முடியாது. அதனால் இடம் கிடைத்த பிறகு உட்கார்ந்து யோசிப்பதற்குப் பதில் இப்போதே வீட்டில் பேசி முடிவெடுங்கள்.

நேர்காணலுக்கு ஒரு பயிற்சி. ஒவ்வொரு படத்தையும் முதலில் அப்பாவுக்கோ பாட்டிக்கோ தமிழில் விளக்கு. ஏன் இதை வரைந்தாய், எங்கே சிக்கியது, மறுபடி செய்தால் எதை மாற்றுவாய்? தமிழில் தெளிவாகச் சொல்ல முடிந்தால் ஆங்கிலத்திலும் வந்துவிடும். மனப்பாடம் செய்த ஆங்கில வாக்கியங்கள் இரண்டாவது கேள்வியிலேயே நின்றுவிடும்.

கடைசியாகக் கோலம். தாராளமாக வை. ஆனால் தீபாவளியன்று எடுத்த ஒரே ஒரு படத்தை மட்டும் ஒட்டி, நம் பண்பாடு என்று எழுதி முடித்துவிடாதே. அந்த அறையில் இருப்பவர்களுக்குக் கோலம் புதிதாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நீ என்ன யோசித்தாய் என்பதுதான் அவர்களுக்கு வேண்டும். புள்ளி வைத்த வரைவுத் தாள்கள் இருந்தால் தேடி எடு, இல்லாவிட்டால் பாட்டியோடு உட்கார்ந்து மறுபடி போட்டுப் பார். ஒரு புள்ளி வரிசையைக் கூட்டினால் கோடு எங்கே வளைய வேண்டியிருக்கிறது, ஒரே கோடாக முடிகிறதா அல்லது இரண்டாகப் பிரிகிறதா என்று படிப்படியாகக் காட்டு. கோலத்தை நேர் மேலிருந்து, நாற்காலி மேல் ஏறி நின்று எடு. யாராவது நாற்காலியைப் பிடித்துக்கொள்ளட்டும். குறிப்பில், பாட்டி போட்ட பகுதி எது, நீ போட்டது எது, வடிவத்தை யார் யோசித்தது என்பதைத் தெளிவாக எழுதிவிடு.